அத்தியாயம் 4: கதவடிப் பெட்டியிலிருந்து தொடங்குங்கள்

எம்ஜி மிட்ஜெட்டை விலைக்குப் பார்க்கப் போகிறவர்கள் நேராக பானெட்டைத் திறக்கிறார்கள். ஸ்டார்ட் ஆகிறதா, புகை எந்த நிறத்தில் வருகிறது, கியர் ஒழுங்காக விழுகிறதா என்று பார்த்துவிட்டு விலை பேசத் தொடங்கிவிடுகிறார்கள். இந்த வண்டிக்கு அது போதாது. எஞ்சின் ஓடாத, உடம்பு கெட்டியான மிட்ஜெட் ஒன்றும், எஞ்சின் நன்றாக ஓடுகிற, அடிப்பக்கம் உளுத்துப்போன மிட்ஜெட் ஒன்றும் அக்கம்பக்கமாக நின்றால், யோசிக்காமல் முதலாவதை வாங்குங்கள். எஞ்சினைக் கழற்றி மேசைமேல் வைத்து ஆற அமரச் சரிசெய்யலாம். அதற்கு வேண்டிய பாகங்கள் பிரிட்டனில் இன்றும் தாராளமாகக் கிடைக்கின்றன. உளுத்த உடம்பை நேராக்குவதுதான் வீட்டில் செய்யும் வேலைகளிலேயே நீளமானது, பணத்தையும் பொறுமையையும் அதிகம் தின்பது. அதனால்தான் இந்த நூலில் எஞ்சினுக்கும் பெயின்ட்டுக்கும் முன்னால் துரு வருகிறது.

வண்டியின் வரலாற்றைச் சுருக்கமாகத் தெரிந்துகொள்வது நல்லது. பாகம் வாங்கும்போது அது உதவும். 1958இல் வந்த ஆஸ்டின்-ஹீலி ஸ்பிரைட்டின் அடிப்படையில், 1961இல் எம்ஜி பெயரோடு வந்தது மிட்ஜெட். இரண்டும் ஆபிங்டன் தொழிற்சாலையில் செய்யப்பட்டவை. முதலில் 948 சிசி, பிறகு 1098, 1966இலிருந்து 1275 சிசி என ஏ-சீரிஸ் எஞ்சின் வளர்ந்தது. 1974இன் கடைசியில் கறுப்பு ரப்பர் பம்பரும் டிரையம்ஃபின் 1493 சிசி எஞ்சினும் வந்தன. 1979இல் உற்பத்தி நின்றது. அதற்குள் 2 லட்சத்துக்கும் அதிகமான மிட்ஜெட்கள் வெளிவந்திருந்தன. இலங்கையில் மோரிஸ் மைனர் ஓட்டிய குடும்பத்திலிருந்து லண்டனுக்கு வந்தவர்களுக்கு இந்த ஏ-சீரிஸ் எஞ்சின் பழக்கமான முகம். 1950களின் மைனரிலும், பிறகு மினியிலும் இருந்தது இதே குடும்பத்து எஞ்சின்தான்.

உங்களிடம் இருப்பது எந்த வருடத்து வண்டி என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். 1964க்கு முந்தைய வண்டியில் பின் ஸ்பிரிங் கால்வட்டப் பட்டை. அதன் ஒரு முனை தரைக்குள் இருக்கும் பெட்டியில் இறுகியிருக்கும். பிந்தைய வண்டிகளில் அரைவட்டப் பட்டை, இரண்டு முனைகளிலும் பிடிப்பு. 1972 முதல் 1974 வரை பின் சக்கர வளைவு வட்டமாக இருந்தது. அதற்கு முன்னும் பின்னும் மேல்பக்கம் தட்டையானது. பின் மட்கார்டுக்கு ஒட்டுத்தகடு வாங்கும்போது இதைச் சொல்லாவிட்டால் பொருந்தாத தகடு வீட்டுக்கு வந்து சேரும்.

துரு ஏன் இங்கே

பழைய லாரிக்கும் ஜீப்புக்கும் அடியில் தனிச் சட்டம் உண்டு. அதன் மேல் உடம்பைத் தூக்கி வைத்து போல்ட்டு போட்டிருப்பார்கள். மிட்ஜெட்டில் அப்படி எதுவும் இல்லை. மடித்து ஒட்டிய தகடுகளே வண்டியைத் தாங்குகின்றன. மேலே தகட்டுக் கூரையும் கிடையாது. மூடிய காரில் கூரையும் தூண்களும் சேர்ந்து தாங்கும் பாரம் முழுவதும் இங்கே மூன்று உறுப்புகளின் மேல் விழுகிறது: நடுவில் கியர்பாக்ஸ் சுரங்கம், இரண்டு பக்கமும் கதவுக்கு அடியில் நீளவாக்கில் ஓடும் பெட்டி. ஆங்கிலக் கையேடுகளில் சில் என்று போட்டிருப்பது இந்தப் பெட்டியைத்தான். இந்த நூலில் கதவடிப் பெட்டி என்றே எழுதுகிறேன். உள்தகடு ஒன்று, வெளித்தகடு ஒன்று, இரண்டும் சேர்ந்து நடுவில் வெற்றிடம். வெளியே நீங்கள் காண்பது வெளித்தகடு மட்டுமே.

துரு இந்த வெற்றிடத்துக்குள்தான் பிறக்கிறது. இரும்பும் தண்ணீரும் காற்றும் சேர்ந்தால் துரு. உப்பு சேர்ந்தால் அதன் வேகம் கூடும். பிரிட்டனில் குளிர்காலத்தில் பனி உறையாமலிருக்கச் சாலையில் உப்பைத் தூவுகிறார்கள். முன்சக்கரம் வாரி அடிக்கும் உப்புச் சேறு மட்கார்டின் பின்மூலையில் அடைந்துகொள்கிறது. அங்கிருந்து ஈரம் கதவுத்தூணின் காலடிக்கும் பெட்டிக்குள்ளும் இறங்குகிறது. பெட்டியின் அடியில் வடிகால் துளைகள் உண்டு. சேறோ, யாரோ தாராளமாகப் பூசிய அடிப்பூச்சோ அவற்றை அடைத்துவிட்டால் தண்ணீர் வெளியேற வழியில்லை. இன்னொரு பக்கம், துணிக்கூரை வழியாக ஒழுகும் மழை கம்பளத்துக்கு அடியிலுள்ள பஞ்சை நனைக்கிறது. அந்தப் பஞ்சு காய்வதேயில்லை. தரைத்தகடு மேலிருந்து கீழாக உளுக்கிறது. ஆகவே அடியில் படுத்துப் பார்த்து, கறுப்புப் பூச்சு பளபளவென்று இருக்கிறது என்று திருப்திப்படாதீர்கள். கம்பளத்தைத் தூக்குங்கள்.

தேட வேண்டிய மற்ற இடங்களும் உண்டு. எஞ்சினுக்குப் பின்னால் பேட்டரி உட்காரும் தட்டு, ஆசிட் வழிந்து அரித்திருக்கும். பின் சக்கர வளைவு, டிக்கித் தரை, ஹெட்லைட்டைச் சுற்றிய பகுதி ஆகியவற்றையும் பாருங்கள். இவை பார்வைக்கு அசிங்கமாக இருந்தாலும் சமாளிக்கக்கூடியவை. ஆபத்தான இடம் வேறு. பின் ஸ்பிரிங்கின் முன்முனை வந்து சேரும் இடத்தை, இருக்கைக்குப் பின்னால் தரை மேலே ஏறுகிற மடிப்பில், கட்டாயம் பாருங்கள். அங்கே தகடு உளுத்திருந்தால் ஓடும்போது ஸ்பிரிங் தரையைப் பிய்த்துக்கொண்டு மேலே வரலாம். பின் அச்சு திசைமாறிப் போகும். அப்படிப்பட்ட வண்டியை வீட்டுக்கு ஓட்டிவராதீர்கள். டிரெய்லரில் ஏற்றி வாருங்கள்.

கதவு சொல்வதைக் கேளுங்கள்

கருவி எதுவும் எடுக்காமலே பெட்டியின் நிலையை ஓரளவு சொல்லிவிடலாம். கதவை மூடி, அதன் பின்விளிம்புக்கும் உடம்புக்கும் நடுவேயுள்ள இடைவெளியை மேலிருந்து கீழாகப் பாருங்கள். நல்ல வண்டியில் அது ஏறக்குறைய ஒரே அளவாக இருக்கும். மேலே நெருங்கி, கீழே விரிந்திருந்தால் வண்டியின் நடுப்பகுதி தொய்ந்திருக்கிறது என்று பொருள். முன்தூணும் பின்தூணும் ஒன்றையொன்று நோக்கிச் சாய்கின்றன. கதவு உரசி, விளிம்பில் பெயின்ட் உதிர்ந்திருந்தால் சந்தேகமே வேண்டாம். அடுத்து ஜாக்கியால் நடுப்பகுதியை மெதுவாகத் தூக்கிப் பாருங்கள். இடைவெளி கண்ணெதிரே மாறினால் பெட்டி பாரம் தாங்கவில்லை. தூக்கும்போது ஜாக்கி தகட்டுக்குள் நறநறவென்று இறங்கினால் சோதனை அதோடு முடிந்தது.

பிறகு ஒரு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி பெட்டி முழுவதும் நகர்த்துங்கள். பட்டி பூசிய இடத்தில் காந்தம் பிடிப்பை இழக்கும். பழைய திருப்புளி ஒன்றின் கைப்பிடியால் தட்டினால் நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும், உளுத்தது மந்தமாக ஒலிக்கும். விற்பவர் அனுமதித்தால் முனையால் குத்திப் பாருங்கள். அனுமதிக்காவிட்டால் அதுவும் ஒரு பதில்தான்.

முன்பு யாராவது பழைய உளுத்த வெளித்தகட்டின் மேலேயே புதுத் தகட்டைக் கவிழ்த்து ஒட்டியிருக்கக்கூடும். இந்த மூடுதகடுகள் கடையில் தனியாகவே கிடைக்கின்றன, மலிவு. பார்க்க நேர்த்தியாக இருக்கும், உள்ளே துரு தொடர்ந்து தின்னும். உங்கள் வண்டிக்கு ஒருபோதும் இதைச் செய்யாதீர்கள். பழையதை முழுதாக வெட்டி எடுத்துவிட்டுப் புதிது வைப்பது ஒன்றே வழி.

எல்லாப் பக்கமும் உளுத்திருந்தால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆக்ஸ்ஃபோர்டுஷையரில் விட்னியில் இருக்கும் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் நிறுவனம் பழைய அச்சுகளைக் கொண்டு மிட்ஜெட்டின் முழு உடம்பையே புதிதாகச் செய்து தந்திருக்கிறது. விலை அதிகம்தான். இரண்டு கதவடிப் பெட்டிகள், இரண்டு தரைத்தகடுகள், முன் பின் மட்கார்டுகள், டிக்கித் தரை என்று தகடுகளாக வாங்கிக் கூட்டினால் வரும் தொகையோடு உங்கள் உழைப்பையும் சேர்த்துப் பாருங்கள். சிலருக்குப் புது உடம்பே நியாயமான முடிவாக இருக்கும். பாதி தகடாவது நல்லதாக இருக்கும் வண்டியை மட்டும் வீட்டில் ஒட்டித் தேற்றுங்கள் என்பது என் கருத்து.

வேலைக்கு முன்

மிட்ஜெட் சுமார் 3.5 மீட்டர் நீளம், 1.4 மீட்டர் அகலம். சாதாரண வீட்டுக் காரேஜில் வண்டியைச் சுற்றி நடக்க இடம் இருக்கும். வண்டி சாலைக்கு வராத காலத்துக்கு எஸ்ஓஆர்என் அறிவிப்பைப் பதிவுசெய்துவிடுங்கள், சாலை வரியும் காப்பீடும் இல்லாமல் வைத்திருக்க அது கட்டாயம். காரேஜின் ஈரத்தைக் குறைக்க வழி பாருங்கள். பெயின்ட் சுரண்டிய வெறும் இரும்பு, இலையுதிர்காலத்து ஈரத்தில் ஓர் இரவுக்குள் பழுப்பு ஏறிவிடும். அன்றன்று சுரண்டியதை அன்றன்றே பிரைமர் பூசி மூடுங்கள்.

நெருப்பைப் பற்றிப் பேசாமல் வெல்டிங்கைப் பற்றிப் பேச முடியாது. பெட்ரோல் டேங்கை வண்டியிலிருந்து கழற்றி, காரேஜுக்கு வெளியே வைத்துவிடுங்கள். காலி டேங்குதானே என்று அலட்சியம் வேண்டாம். நிறைந்த டேங்கைவிட ஆவி நிரம்பிய காலி டேங்குக்கே வெடிக்கும் அபாயம் அதிகம். குழாய்களில் தங்கியிருக்கும் பெட்ரோலையும் வடித்துவிடுங்கள். பேட்டரியைக் கழற்றுங்கள், ஆல்டர்னேட்டர் இருந்தால் அதன் இணைப்பையும் கழற்றுங்கள். இருக்கை, கம்பளம், ஒலித்தடுப்புப் பஞ்சு, ஒயர்கள் எல்லாம் வேலை நடக்கும் இடத்திலிருந்து போக வேண்டும். நீங்கள் ஒட்டும் தகட்டின் மறுபக்கத்தில் தார்ப்பூச்சு இருந்தால் அது கண்ணுக்குத் தெரியாமல் புகைந்துகொண்டிருக்கும். தீயணைப்புக் கருவி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். கடைசி வெல்டிங் முடிந்தபின் அரைமணி நேரமாவது அங்கேயே இருங்கள். விளக்கை அணைத்துவிட்டுச் சாப்பிடப் போனபின் எரிந்த காரேஜ்கள் உண்டு.

இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. பிரேக் கழுவும் ஸ்பிரேக்களில் சில, குளோரின் கலந்த கரைப்பான்கள். அவை காயாத தகட்டில் வெல்டிங் வைத்தால் அந்த வெளிச்சத்திலும் சூட்டிலும் பாஸ்ஜீன் என்னும் நச்சுவாயு உண்டாகலாம். தகட்டைத் துடைக்க அவற்றைத் தொடாதீர்கள். பழைய பிரேக், கிளட்ச் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்புண்டு. அந்தத் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள்.

ஜாக்கி தூக்குவதற்கு மட்டுமே. தாங்குவதற்கு ஸ்டாண்டு வேண்டும், நான்கு வேண்டும். ஸ்டாண்டு வைக்காத வண்டிக்கு அடியில் ஒரு விரலைக்கூட நீட்டாதீர்கள்.

வடிவத்தைப் பூட்டுவது

இதுதான் இந்த அத்தியாயத்தின் இதயமான பகுதி. அவசரப்படாமல் படியுங்கள்.

கதவடிப் பெட்டியை வெட்டும் கணத்தில் வண்டியின் முதுகெலும்பு ஒரு பக்கம் அறுந்துவிடுகிறது. அந்த நேரத்தில் உடம்பு அரை சென்டிமீட்டர் தொய்ந்தாலும், நீங்கள் வைக்கும் புதுத் தகடு அந்தத் தொய்வை நிரந்தரமாக்கிவிடும். அதன்பிறகு கதவு ஒருபோதும் ஒழுங்காக மூடாது. பெயின்ட் எவ்வளவு பளபளத்தாலும் கதவைத் திறக்கிற ஒவ்வொருவருக்கும் அது தெரியும். ஆகவே வெட்டுவதற்கு முன்னால் வடிவத்தைப் பூட்ட வேண்டும்.

எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இறக்கிவிடுங்கள், முன்பக்கப் பாரம் குறையும். கதவுகளைக் கழற்றாதீர்கள், அவைதான் உங்கள் அளவுகோல். வண்டி சாலையில் நிற்கும்போது பாரம் எங்கே இறங்குமோ அந்த இடங்களிலேயே ஸ்டாண்டு வையுங்கள்: முன்னால் சஸ்பென்ஷன் குறுக்குச் சட்டத்தின் இரண்டு பக்கமும், பின்னால் அச்சுக்கு அடியில் இரண்டு பக்கமும். பெட்டிக்கு அடியிலேயே ஸ்டாண்டு வைத்துக்கொண்டு பெட்டியை வெட்டுகிறவர்களும் இருக்கிறார்கள், நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். ரசமட்டத்தை டேஷ்போர்டின் குறுக்கேயும் டிக்கி விளிம்பின் குறுக்கேயும் வைத்துப் பாருங்கள். இரண்டு இடத்திலும் குமிழி ஒரே இடத்தில் நிற்கும் வரை ஸ்டாண்டுகளுக்கு மேல் மெல்லிய தகட்டுத் துண்டுகளைச் செருகுங்கள்.

நடு ஏற்கெனவே தொய்ந்திருந்தால் இப்போதே சரிசெய்யுங்கள். சுரங்கத்துக்குப் பக்கத்தில் கெட்டியான இடத்தில் கட்டையை வைத்து, ஜாக்கியால் சிறிது சிறிதாக ஏற்றுங்கள். கதவின் இடைவெளி மேலும் கீழும் சமமாகும் வரை பொறுமையாகச் செய்ய வேண்டும். ஒரே மூச்சில் ஏற்றாதீர்கள்.

சமமானதும் 25 மில்லிமீட்டர் சதுரக் குழாயை வெட்டி, முன்தூணிலிருந்து பின்தூணுக்கு ஒவ்வொரு பக்கமும் வெல்டிங் வையுங்கள். குழாய் கதவின் உட்புறமாக ஓட வேண்டும். அப்போதுதான் குழாய் இருக்கும்போதே கதவை மூடித் திறந்து சோதிக்க முடியும். இன்னொரு குழாயை இடப்பக்கத் தூணிலிருந்து வலப்பக்கத் தூணுக்குக் குறுக்கே வையுங்கள். பிறகு டேப்பை எடுத்து அளவெடுங்கள்: கீல் போல்ட்டிலிருந்து பூட்டுக்கொக்கி வரை, இடப்பக்க முன்மூலையிலிருந்து வலப்பக்கப் பின்மூலை வரை, அதேபோல மறுபக்கம். மூலைக்கு மூலை அளவு இரண்டும் ஒத்துவர வேண்டும். எண்களைச் சுவரில் பெரிதாக எழுதிவையுங்கள். நோட்டில் எழுதினால் எண்ணெய்க் கையோடு யாரும் புரட்டிப் பார்ப்பதில்லை.

இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் வெட்டாதீர்கள். ஒரு பக்கம் முழுவதும் முடிந்து, அளவு சரிபார்த்து, கதவு ஒழுங்காக மூடிய பிறகே மறுபக்கத்தில் கிரைண்டரை வையுங்கள்.

வெட்டுவதும் ஒட்டுவதும்

வெளித்தகட்டை 1 மில்லிமீட்டர் வெட்டுத்தட்டால் நடுவே நீளமாகக் கீறித் திறங்கள். திறந்ததும் உள்ளே மடிப்பு மடிப்பாகத் துருச்செதில்கள் கொட்டும். துரு இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும். அதனால்தான் இரண்டு தகடுகள் சேரும் விளிம்புகள் உப்பி வெடித்திருப்பதைக் காண்பீர்கள். விளிம்பில் தொழிற்சாலை வைத்த புள்ளி வெல்டிங்குகளை அதற்கென்றே உள்ள 8 மில்லிமீட்டர் துரப்பணத்தால் மேல்தகடு மட்டும் போகும்படி துளைத்து, மெல்லிய உளியால் பிரியுங்கள். அடித்தகட்டைக் காப்பாற்றினால் புதுத் தகடு எங்கே உட்கார வேண்டும் என்பதை அதுவே காட்டும்.

இப்போது உள்தகட்டையும் தரையின் ஓரத்தையும் தூணின் காலடியையும் நேரில் பார்க்கிறீர்கள். உளுத்ததை வெட்டும்போது கஞ்சத்தனம் வேண்டாம். தகடு முழுக் கனத்தோடு பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும் இடம் வரை போங்கள். சல்லடையாகிப்போன விளிம்பில் வெல்டிங் நிற்காது, ஊதி ஓட்டையாகும். நீங்கள் துண்டு வெட்டி வைப்பதானால் உடம்புத் தகட்டுக்கு 0.9 மில்லிமீட்டர், பாரம் தாங்கும் இடங்களுக்கு 1.2 மில்லிமீட்டர் தகடு எடுங்கள்.

வீட்டு வேலைக்கு 13 ஆம்ப் பிளக்கில் ஓடும் சிறிய மிக் வெல்டர் போதும். 0.6 மில்லிமீட்டர் கம்பி, ஆர்கானும் கார்பன் டை ஆக்சைடும் கலந்த வாயு. வாயு இல்லாமல் ஓடும் கம்பி மலிவு என்று வாங்காதீர்கள். மெல்லிய தகட்டில் அது துப்பும், எரித்துத் துளையிடும்.

வண்டியைத் தொடுவதற்கு முன்னால் அதே கனமுள்ள தகட்டுத் துண்டுகளில் பழகுங்கள். ஒரு சோதனையைத் தவறாமல் செய்யுங்கள். ஒரு துண்டில் 6 மில்லிமீட்டர் துளை போட்டு, இன்னொரு துண்டின் மேல் வைத்து, துளையை வெல்டிங்கால் நிரப்புங்கள். ஆறியதும் வைஸில் மாட்டி, இடுக்கியால் முறுக்கிப் பிய்த்தெடுங்கள். வெல்டிங் கட்டி அடித்தகட்டில் ஓர் ஓட்டையைக் கிழித்துக்கொண்டு வந்தால் உங்கள் ஒட்டு ஊறிப் பிடித்திருக்கிறது. பொத்தான்போல் சுத்தமாகக் கழன்று வந்தால் அது மேலே ஒட்டிக்கொண்டிருந்ததே தவிர ஊறவில்லை. மின்னோட்டத்தைக் கூட்டி மறுபடி செய்யுங்கள். தொடர்ந்து ஓட்டை கிழியும் நிலை வந்தபிறகே வண்டிக்குப் போங்கள். மேலே பார்க்க அழகான ஒட்டு பலமானது என்று நினைப்பது ஆபத்தான நம்பிக்கை.

வைக்கும் வரிசை இது: முதலில் ஸ்பிரிங் பிடிப்பும் தூணின் காலடியும், பிறகு உள்தகடும் தரையும், கடைசியில் வெளித்தகடு. ஒவ்வொன்றையும் முதலில் கிளாம்ப் போட்டு நிறுத்துங்கள். கதவை மூடுங்கள். இடைவெளி 4 முதல் 5 மில்லிமீட்டருக்குள் சீராக இருக்கிறதா என்று பாருங்கள். சுவரிலுள்ள எண்களோடு ஒப்பிடுங்கள். பிறகே புள்ளி புள்ளியாக ஒட்டுங்கள். மறுபடி கதவை மூடிப் பாருங்கள். சரி என்றால் முழு ஒட்டு. ஒரே இடத்தில் நீளமாக இழுக்காதீர்கள். 2 சென்டிமீட்டர் இங்கே, கையை நகர்த்தி 2 சென்டிமீட்டர் அங்கே என்று மாற்றி மாற்றி வைத்தால் சூடு சேராது, தகடு நெளியாது. ஒன்றின்மேல் ஒன்று படியும் விளிம்புகளில் துத்தநாகப் பிரைமர் பூசிக்கொள்ளுங்கள். அதன் புகை கெட்டது, முகமூடி போட்டுக் காரேஜ் கதவைத் திறந்துவையுங்கள்.

பிரிட்டனில் 40 ஆண்டு கடந்த, பெரிய மாற்றம் செய்யப்படாத காருக்கு 2018 மே மாதத்திலிருந்து எம்ஓடி என்னும் சாலைத்தகுதிச் சோதனை கட்டாயமில்லை. ஆனாலும் வண்டி சாலைக்கு ஏற்ற நிலையில் இருப்பதற்கு உரிமையாளரே பொறுப்பு. என் ஆலோசனை, வேலை முடிந்ததும் தானாக முன்வந்து எம்ஓடிக்குக் கொண்டுபோங்கள். ஸ்பிரிங், சீட்பெல்ட் போன்ற பிடிப்புகளுக்கு 30 சென்டிமீட்டருக்குள் இருக்கும் துருவையும் ஒட்டையும் சோதிப்பவர் கவனமாகப் பார்ப்பார். அங்கே வைக்கும் ஒட்டுத்தகட்டைச் சுற்றிலும் இடைவெளியில்லாமல் வெல்டிங் இருக்க வேண்டும். அவர் விளக்கைப் பிடித்துக்கொண்டு உங்கள் வேலையைப் பார்ப்பது உங்களுக்கு நல்லது.

சிறு பாகங்களின் துரு

கீல், பெடல், பிராக்கெட் போன்றவற்றுக்கு கிரைண்டர் வேண்டாம். குதிரைத் தீவனக் கடையில் கரும்புச்சாற்றுக் கழிவுப்பாகு கிடைக்கும். ஒரு பங்குக்கு 9 பங்கு தண்ணீர் கலந்து, மூடியுள்ள பிளாஸ்டிக் வாளியில் பாகங்களை ஊறப்போடுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் துரு இளகிப் பாசிபோல் மிதக்கும். தண்ணீரில் அலசினால் சாம்பல்நிற இரும்பு வெளிவரும், எண் பொறித்த இடம்கூட மழுங்காது. நாற்றம் கடுமையாக இருக்கும், தோட்டத்து மூலையில் வையுங்கள். அலுமினியப் பாகத்தை மட்டும் அதில் போடாதீர்கள், கரைந்துவிடும்.

அவசரமென்றால் சலவைச் சோடா கரைசலில் பழைய பேட்டரி சார்ஜரின் மின்சாரம் செலுத்தலாம். துருப்பாகம் எதிர்முனையில், சாதாரண இரும்புத் தகடு நேர்முனையில். எவர்சில்வரை நேர்முனையில் கட்டாதீர்கள், நச்சான குரோமியம் கரையும். ஹைட்ரஜன் வாயு வெளியேறும் என்பதால் திறந்த வெளியில் செய்யுங்கள். ஸ்பிரிங்குகளையும் உயர்வலு போல்ட்டுகளையும் இந்த முறைக்கு உட்படுத்தாதீர்கள், உள்ளே ஹைட்ரஜன் புகுந்து முறியும் தன்மை வரும்.

பாஸ்பாரிக் அமிலம் கலந்த துருமாற்றித் திரவங்கள் மேலோட்டமான துருவுக்கு நல்லவை. கனம் போன தகட்டுக்கு அவை கனத்தைத் திருப்பித் தராது.

மூடுவது

ஒட்டு முடிந்ததும் எபாக்ஸி பிரைமர், அதன் மேல் தகடுகள் சேரும் கோடு ஒவ்வொன்றிலும் சீலர். உள்பக்கமும் அடிப்பக்கமும் இரண்டையும் செய்யுங்கள், தண்ணீர் நுழையும் வழி எப்போதும் அந்தக் கோடுதான். பட்டியை ஒட்டின் மேடுபள்ளத்தை மறைக்கும் மெல்லிய படலமாக மட்டும் பயன்படுத்துங்கள்.

பெயின்ட்டுக்குப் பிறகு செய்ய வேண்டிய ஒரு வேலையை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பெயின்ட் மகிழ்ச்சியில் பலர் இதை மறந்துவிடுகிறார்கள். கதவடிப் பெட்டிக்குள்ளும் தூணுக்குள்ளும் வாக்ஸாயில் போன்ற மெழுகை நீளக்குழாய் வழியாகப் பீய்ச்ச வேண்டும். வெயிலடிக்கும் நாளைத் தேர்ந்தெடுங்கள். டப்பாவை வெந்நீரில் வைத்துச் சூடாக்கினால் மெழுகு இளகி மடிப்புகளுக்குள் ஓடும். குழாயைக் கடைசி வரை செலுத்தி, பின்னால் இழுத்துக்கொண்டே பீய்ச்சுங்கள். வடிகால் துளைகளில் மெழுகு சொட்டுவதைக் கண்டால் பெட்டி நனைந்துவிட்டது. மறுநாள் அந்தத் துளைகளை ஒரு கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள். மெழுகு அடித்தபின் அந்தப் பக்கத்தில் வெல்டிங் வைக்கக்கூடாது, தீப்பற்றும்.

இந்த மெழுகை ஒருமுறை அடித்ததோடு விடாதீர்கள். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை, சாலையில் உப்பு விழத் தொடங்குவதற்கு முன்னால், செப்டம்பரில் அடித்துவிடுங்கள்.

வடிவத்தைப் பூட்ட வைத்த குழாய்களை எப்போது வெட்டியெடுப்பது என்று கேட்பீர்கள். இரண்டு பக்கமும் முடிந்து, வண்டி தன் சக்கரங்களில் இறங்கிய பிறகு எடுங்கள். எடுத்ததும் கதவுகளை மூடிப் பாருங்கள். எஞ்சினைப் பொருத்தியபின் மீண்டும் ஒருமுறை பாருங்கள். இடைவெளி மாறாமலிருந்தால் அடுத்த அத்தியாயத்துக்குப் போகலாம். ஒரு பக்கமாவது மேலே நெருங்கினால் பெயின்ட் டப்பாவைத் திறக்காதீர்கள். அந்தப் பக்கத்து ஒட்டுகளை மறுபடி வெட்டித் திறந்து சரிசெய்துவிட்டு வாருங்கள்.